சிலிண்டருக்கும் மூக்குக்கும் நடுவே

அன்புள்ள பாப்பா,

ஜெயங்கொண்டம் பக்கம் தாலுகா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். ஆக்சிஜன் விஷயம் எதுவானாலும் மாமாவைக் கேள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாளாம். திருச்சி, பெரம்பலூர், அரியலூர் என்று ஆஸ்பத்திரிகளுக்கு காஸ் லைன் இழுத்தே என் காலம் போனது. வைத்தியம் உங்கள் டாக்டர் பாடு. சிலிண்டரிலிருந்து நோயாளியின் மூக்கு வரைக்கும் உள்ள சமாச்சாரத்தை நான் சொல்கிறேன். கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வருகிறது.

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையின்போது, நீ பள்ளிக்கூடப் பிள்ளை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் நின்றுபோனது என்றார்கள் உறவினர்கள். தட்டுப்பாடே இல்லை என்றது நிர்வாகம். மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் உற்பத்தி செய்ய உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட்டுக்கு வைத்திருந்த திரவ ஆக்சிஜன் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. வடக்கேயிருந்து டேங்கர்கள் ரயிலேறி வந்தன. பெரம்பலூருக்குத்தான் ரயில் பாதையே இல்லையே, நமக்கு எப்போதும் லாரிதான்.

அந்த ஆண்டே பிஎம் கேர்ஸ் நிதியில் மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று நாடு முழுக்க ஆக்சிஜன் பிளாண்ட் வைத்தார்கள். தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்கு ஆக்சிஜன் தரும் தொழில்நுட்பத்தை டிஆர்டிஓ கொடுக்க, அதை வைத்துச் செய்தவர்களில் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றும் உண்டு. வெளிக்காற்றை அழுத்தி ஜியோலைட் என்ற மணிகளுக்குள் விட்டால், நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய 93 சதவீத ஆக்சிஜன் வெளியே வரும். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அது குழாய் போகிற கட்டில்களுக்கு மட்டும்தான். அதிலிருந்து சிலிண்டர் நிரப்பித் தாலுகாவுக்கு அனுப்ப பூஸ்டர் கம்ப்ரசர் தனியாக வேண்டும். கரண்ட் பில் எகிறும். ஃபில்டர் மாற்ற, ஆயில் பார்க்க ஆள் வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் ஃபில்டர் மாற்ற வராது. மாவட்டத் தலைநகரில் பிளாண்ட் இருக்கிறதே என்று செந்துறையில் இருக்கிறவர் தைரியமாகத் தூங்க முடியாது.

உனக்கு வாய்த்தது சிலிண்டர். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. பெரியது டி டைப், ஜம்போ என்பார்கள். நிரம்பியிருந்தால் 7,000 லிட்டர். சின்னது பி டைப், 1,500 லிட்டர். நிரம்பிய சிலிண்டரில் பிரஷர் மீட்டரின் முள் 150 கிலோவில் நிற்கும். நீ டூட்டிக்குப் போகும்போது ஜம்போவின் முள் 50-ல் நிற்கிறது என்று வை. மூன்றில் ஒரு பங்கு, சுமார் 2,300 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் ஏழரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நைட் டூட்டி பன்னிரண்டு மணி நேரம். ஆக, விடியற்காலை மூன்று மணிக்கு அல்ல, ராத்திரி எட்டு மணிக்கே அடுத்த சிலிண்டரைக் கட்டில் பக்கத்தில் நிறுத்தச் சொல். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் என்றும் அப்போதே கேட்டுக்கொள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் இதே கணக்குதான். மாஸ்க்கில் 10 லிட்டர் ஓடுகிற நோயாளியைத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்புகிறாய். வழியில் தாமதமாகி இரண்டு மணி நேரம் ஆனால் 1,200 லிட்டர் போய்விடும். முழு பி டைப் இருந்தால் மட்டுமே சமாளிக்கலாம். பாதி சிலிண்டரை வைத்து அனுப்பிவிட்டு, போகிற வழியில் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதே. கோவிட் காலத்தில் ஹை ஃப்ளோ மெஷினை 60 லிட்டரில் ஓட்டினார்கள். அதற்கு ஒரு ஜம்போ இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அப்போது வந்த பஞ்சத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கான்சன்ட்ரேட்டர் இருந்தால் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். பிளாண்ட் செய்கிற அதே வேலையைக் கட்டிலருகே செய்கிற பெட்டி. 5 லிட்டர், 10 லிட்டர் என்று வரும். ஆனால் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ஊர் அரியலூர். சிமெண்ட் தூசி ஃபில்டரை அடைக்கும், ஈரம் ஜியோலைட்டைக் கெடுக்கும். பழுதான பிறகும் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும், ஈரமூட்டும் பாட்டிலில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். குமிழி வந்தால் காற்று வருகிறது என்றுதான் அர்த்தம், அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சொல்லாது. அளக்க அனலைசர் என்ற சின்னக் கருவி உண்டு. இல்லையென்றால் கேட்டு வாங்கு. ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காயவை. ஸ்டெபிலைசர் இல்லாமல் பிளக் போடவே கூடாது. கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், பக்கத்திலேயே ஒரு சிலிண்டர் இருக்கட்டும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அடிப்படையான முறையை 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்டுபிடித்தார். அந்தக் கருவி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம்மைப் போன்ற ஊரிலிருந்தே சான்று இருக்கிறது. பப்புவா நியூ கினியில் ஐந்து ஆஸ்பத்திரிகளில் கான்சன்ட்ரேட்டரும் ஆக்சிமீட்டரும் கொடுத்து, பழக்கியும் விட்டார்கள். நிமோனியாவில் இறந்த குழந்தைகள் நூற்றுக்கு ஐந்தாக இருந்தது சுமார் மூன்றாகக் குறைந்தது. 2008-ல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வு இது. பெரிய பிளாண்ட் எதுவும் அங்கே வைக்கவில்லை.

ஆக்சிமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும், நெயில் பாலிஷ் இருந்தாலும் அப்படித்தான். கருத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-ல் அமெரிக்காவில் ஆய்வு வந்தது. நம்மூர் விரல்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆக்சிஜன் அளவு 92 சதவீதம் காட்டினாலும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளைப் பார். பருத்திக்கு மருந்தடித்து மயங்கி வருகிறவர், பாம்பு கடித்து வருகிறவர், குளிர்காலத்தில் நெஞ்சு இழுக்கிற பீடிக்காரத் தாத்தா எல்லாரும் உன் வாசலுக்குத்தான் வருவார்கள். 90-க்குக் கீழே போனால் யோசிக்காமல் ஆக்சிஜன் வை, பிறகு டாக்டரைக் கூப்பிடு. ஆனால் பீடித் தாத்தாவுக்கு 88-லிருந்து 92 போதும். அவருக்கு 100 காட்ட வேண்டும் என்று திருகிக்கொண்டே போனால் கெடுதல். குறைமாதக் குழந்தைக்கு அளவு மீறினால் கண்பார்வையே போகலாம். எந்த நோயாளிக்கு எவ்வளவு இலக்கு என்று டாக்டரிடம் கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிடு.

உலகத்தில் ஆண்டுக்கு 37 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஆக்சிஜன் தேவைப்படுகிறது, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் மூன்றில் ஒருவருக்குக்கூடக் கிடைப்பதில்லை என்று 2025-ல் லான்செட் குளோபல் ஹெல்த் ஆணையம் எழுதியது. அவ்வளவு பெரிய கணக்கு உன் கையில் இல்லை. டூட்டி மாறும்போது முள் எதில் நிற்கிறது, எத்தனை லிட்டர் ஓடுகிறது, மிச்சம் எத்தனை மணி நேரம் என்று நோட்டில் மூன்று எண் எழுது. அடுத்து வருகிறவளையும் எழுத வை.

அன்புடன்,
மாமா

பி.கு.: தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ரெகுலேட்டரைத் தொடாதே. அதிக அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனில் எண்ணெய்ப் பிசுக்கு தானாகவே தீப்பிடிக்கும். வால்வை மெதுவாகத் திற. மாஸ்க் போட்டவரின் மூக்கு காய்ந்துபோனால் வாஸ்லின் தடவ வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல் கேள்.