பரிசோதகருக்கு எழுதும் பதிலில் கவனம்

கிளாக் சர்க்யூட் ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை கேட்டிருக்கிறீர்கள்; பரிசோதகர் பழைய காப்புரிமை ஒன்றைக் காட்டி மறுத்துவிட்டார். பதில் எழுத உட்காருமுன் 5,809,336 என்ற எண்ணுள்ள காப்புரிமையின் கதையைக் கேளுங்கள்.

ஃபோர்த் கணினி மொழியை உருவாக்கிய சார்லஸ் மூரும் ரஸ்ஸல் ஃபிஷும் 1998-இல் பெற்றது அது. யோசனை அருமையானது. வெளியே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் ஒரே சீராகத் துடிக்கும். சிப்போ சூடேறினாலும் மின்னழுத்தம் குறைந்தாலும் மெதுவாகும். ஆகவே, மிக மோசமான நிலையிலும் தாங்கும் வேகத்துக்கே கிளாக்கை வைக்க வேண்டியிருந்தது. மூரும் ஃபிஷும் ரிங் ஆஸிலேட்டரை ப்ராசஸருடன் அதே சிலிக்கானில் வைத்தார்கள். இரண்டும் சேர்ந்தே வேகமெடுக்கும், சேர்ந்தே தளரும்.

பரிசோதகர் இரண்டு பழைய காப்புரிமைகளை எடுத்துக்காட்டினார். ஒன்றில் வெளிப் படிகம் அதிர்வெண்ணை நிர்ணயித்தது. மற்றதில் அதிர்வெண்ணை மாற்றக் கட்டளை உள்ளீடு தேவைப்பட்டது. எங்களுடையது அப்படியல்ல என்று பதில் போயிற்று, காப்புரிமையும் கிடைத்தது.

பின்னாளில் காப்புரிமையின் உரிமையாளர்கள் ஹுவாவே, சாம்சங், நின்டெண்டோ முதலியவற்றின் மீது வழக்குத் தொடர்ந்தபோது அந்தப் பதில்களே எதிராக வந்து நின்றன. 2017 மார்ச்சில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பதில்களை வைத்துக் கீழ்நீதிமன்றம் உரிமைக்கோரலுக்கு விதித்த வரம்பைச் சற்றே தளர்த்தி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 'அவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கத் தேவையில்லை' என்ற வாதத்தை மட்டும் அது ஏற்கவில்லை. தேவைக்கு மேல் சொல்லியிருந்தாலும், சொன்னது சொன்னதுதான்.

இன்றைய சிப்களில் பெரும்பாலானவை வெளிப் படிகத்தை ஆதாரமாகக் கொண்டு பிஎல்எல் (phase-locked loop) வழியாகக் கிளாக்கை உண்டாக்குகின்றன. 'வெளிப் படிகம் இல்லை' என்று ஒரு வரி எழுதினால் சந்தையின் பெரும்பகுதியைக் கைவிடுகிறீர்கள் என்று அர்த்தம். அதனால்தான் இதில் கறாராக இருக்கச் சொல்கிறேன்: உரிமைக்கோரலில் ஏற்கெனவே உள்ள சொற்களைக் கொண்டே ஒரு வேறுபாட்டைக் காட்டுங்கள், அது போதுமென்றால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது காரணம் பலம் சேர்ப்பதுபோலத் தோன்றும். அதுவே பிறகு வேலியாகும். 'எங்கள் கண்டுபிடிப்பு எப்போதும்', 'ஒருபோதும் தேவையில்லை' போன்ற தொடர்களை அடித்துவிடுங்கள். பரிசோதகருடன் தொலைபேசியில் பேசினாலும் அதன் சுருக்கம் கோப்பில் ஏறும்.

பதிலுக்குப் பொதுவாக மூன்று மாதம் தருகிறார்கள். கட்டணம் செலுத்தினால் ஆறு மாதம்வரை நீட்டிக்கலாம். அதில் ஒரு நாளை ஒதுக்கி, வரைவை ஒரு சர்க்யூட் வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் ஒரே கேள்வி கேட்கட்டும்: இதைக் காட்டிப் போட்டியாளரின் பிஎல்எல் தப்பித்துவிடுமா?