இரண்டு டிகிரியில் மலையேறும் வண்டு

பருவநிலை மாற்றம் பாடத்தில், "இரண்டு டிகிரிதானே சார்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார். பதிலாக நான் காபிக்காய்த் துளைப்பானை வைத்து ஒரு கணக்குத் தருகிறேன்.

இவ்வண்டு 2 மில்லிமீட்டர்கூட இராது. பெண் வண்டு காய்க்குள் துளைத்து முட்டையிடும். புழுக்கள் உள்ளிருந்தே கொட்டையைத் தின்னும். அங்கே மருந்து எளிதில் எட்டாது. இந்தியாவில் இது முதன்முதலில் 1990இல் நம் நீலகிரியின் கூடலூரில்தான் அறியப்பட்டது.

ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இதன் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு டிகிரியும், உண்டியலில் காசு போல, நாள்தோறும் சேரும். சேர்ந்தது சுமார் 300 ஆனால் முட்டை வண்டாகிவிடும். சராசரி வெப்பநிலை 18 எனில் நாளுக்கு 3 சேரும், 100 நாளாகும். 20 எனில் நாளுக்கு 5. 60 நாளே போதும். கரும்பலகையில் இதைப் போட்டபின் "இரண்டு டிகிரிதானே" என்று எவரும் சொல்வதில்லை.

அடுத்து, உயரம். மலையில் 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். எனவே இரண்டு டிகிரி கூடினால் வண்டு ஏறக்குறைய 300 மீட்டர் மேலேறலாம். அரபிகா காபிக்கு உயரத்தின் குளிரே வேலி. தான்சானியாவின் கிளிமஞ்சாரோ சரிவில் வண்டு முன்பைவிடச் சுமார் 300 மீட்டர் மேலே பதிவாகியுள்ளது.

மழை, அறுவடையில் விடுபட்ட காய்கள் ஆகியவை இக்கணக்கில் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்காடு, பழனிமலைப் பள்ளிகளில் உள்ளூர் வெப்பநிலையையே போடலாம். வீட்டுப்பாடம்: 20 டிகிரி தோட்டத்தில் நிழல்மரங்கள் 2 டிகிரி குறைத்தால், எத்தனை நாள்?