செல்லப் பாம்புக்கு என்ன தரை போடலாம்? அக்கா டிப்ஸ்

லண்டனிலும் லெஸ்டரிலும் வளர்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் நாய், பூனையைத் தாண்டிப் பாம்புக்கு வந்துவிட்டார்கள். கார்ன் ஸ்நேக், ராயல் பைத்தான் இரண்டும்தான் அதிகம். விஷம் கிடையாது, குரைக்காது, மழையில் நடைக்குக் கூட்டிப்போக வேண்டாம், இரண்டுக்கும் இங்கே லைசென்ஸும் கேட்பதில்லை. முதலில் அலறுகிற அம்மாமார்கூட, "சரி, பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது" என்று ஒரு வாரத்தில் இறங்கி வந்துவிடுகிறார்கள். பெட்டி வாங்கியாச்சு, ஹீட் மேட் வாங்கியாச்சு. தரைக்கு என்ன போடுவது என்று கடையில் போய் நின்றால் அடுக்கடுக்காகப் பைகள். பாலைவனம், காடு என்று படம் போட்ட பையைத்தான் கை தேடும். அந்தப் பையைக் கீழே வைத்துவிட்டு அக்கா சொல்வதைக் கேள், தம்பி.

பாம்பின் வயிறு நாள் முழுக்க அந்தத் தரையில்தான் கிடக்கும். தரை நனைந்து அழுக்கோடு இருந்தால் வயிற்றுச் செதில்கள் சிவக்கும், பழுப்பாகும், கொப்புளம் கட்டும், கடைசியில் அழுகும். மருத்துவரிடம் போய் ஊசி, மருந்து என்று பெரிய செலவு. அதனால் எந்தப் பையை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேள். அழுக்கானால் கண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தால், வேலை முடிந்து களைத்து வந்த நாளிலும் அதை எடுத்துப் போட முடியுமா? படத்தில் இருக்கிற பாலைவனம் இரண்டுக்கும் பதில் சொல்லாது.

புதிதாக வந்த பாம்புக்கு முதல் இரண்டு மூன்று மாதம் வெறும் காகிதம் போதும். நியூஸ் பேப்பரை மூன்று நான்கு மடிப்பாக விரி, அல்லது வெள்ளைக் கிச்சன் ரோல் போடு. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்தான். ஆனால் உண்ணி இருந்தால் கறுப்புப் பொடிப் புள்ளியாக வெள்ளைக் காகிதத்தில் ஊர்வது தெரிந்துவிடும். மரச்சீவலுக்குள் இருந்தால் பெட்டி முழுக்கப் பரவிய பிறகுதான் தெரியும். கழிவும் அப்படியே. சுண்ணாம்புத் துண்டு போல வெள்ளையாக இருப்பது அதன் சிறுநீர்க் கழிவு, அது இயல்பு. மலம் தண்ணீராகவோ, சளியோடோ, ரத்தத்தோடோ இருந்தால் உடனே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் பண்ணு. வார இதழ்களின் வழவழத் தாளை மட்டும் போடாதே, ஈரத்தை உறிஞ்சாது. வெள்ளை நிறப் பாம்பாக இருந்தால் நியூஸ் பேப்பர் மை வயிற்றில் ஒட்டும், கிச்சன் ரோலே நல்லது. காகிதத்துக்கு ஒரு குறை உண்டு: பாம்பு புதைந்து ஒளிய முடியாது. அதற்காக ஒளியிடம் இரண்டு வை, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. சட்டை உரிக்கிற சமயத்தில் ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த பாசியை உள்ளே வைத்தால் போதும்.

துடைத்து எடுக்கிற தரைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு வினைல் ஷீட். தரைக் கம்பளக் கடைகளில் மிச்சத் துண்டு மலிவாகக் கிடைக்கும். ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டிக்கொள். ஒன்று பெட்டியில், ஒன்று கழுவிக் காய்கிற இடத்தில். வெட்டும்போது பெட்டியின் அளவுக்குச் சரியாக வெட்டாமல் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட விட்டு, ஓரத்தைச் சுவரோடு மேலே மடித்து நிறுத்து. இல்லாவிட்டால் கழிவு நீர் ஓரம் வழியாக அடியில் இறங்கும். மரப் பெட்டியாக இருந்தால் பலகை ஊறி உப்பும், அந்த நாற்றம் பிறகு எதற்கும் போகாது. மரப் பெட்டியின் மூலைகளை மீன் தொட்டிக்குப் பூசுகிற சிலிக்கோனால் முதலிலேயே அடைத்து, பாக்கெட்டில் சொன்னபடி நன்றாகக் காயவிட்டு, வாசனை முழுக்கப் போன பிறகே பாம்பை விடு.

வினைல் ஷீட்டைப் பசை போட்டு ஒட்டாதே, செல்லோ டேப்பும் வேண்டாம். கீழே சூடு ஏறும்போது பசை வாடை கிளம்பும். டேப் இன்னும் மோசம். பாம்பு மூக்கால் நெம்பிக்கொண்டே இருக்கும். ஓரம் கிளம்பி உடம்பில் ஒட்டிக்கொண்டால் இழுக்கும்போது செதிலோடு தோலும் உரிந்து வரும். ஓரத்தை ஒட்டி ஷீட்டின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தையும் ஒளியிடத்தையும் வை, அந்தக் கனமே பிடித்துக்கொள்ளும். ஷீட் வழுக்கினால் பாம்பு ஊர முடியாமல் திணறும், அதனால் லேசாகச் சொரசொரப்பு உள்ளதாகப் பார்.

பச்சைப் புல் மாதிரி விற்கிற கம்பளத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. அழுக்கு இழைக்குள் போய் உட்காரும், அடிக்கடி ஊறவைத்துத் துவைக்க வேண்டும், ஓரம் பிரிந்தால் நூல் வேறு நீட்டிக்கொண்டு நிற்கும். டைல்ஸ் போடலாம், ஆனால் அசையாமல் உட்கார வேண்டும். அடியில் பாம்பு நுழைந்தால் நசுங்கும்.

இனி மரச்சீவல். கார்ன் ஸ்நேக்குக்கு ஆஸ்பென் சீவல்தான் என் முதல் தேர்வு. புழுதி அதிகம் வராது, சுரங்கம் தோண்டினால் இடியாமல் நிற்கும், பாம்பும் அதற்குள் நிம்மதியாகச் சுருண்டு கிடக்கும். ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது போடு. கழிவு விழுந்த இடத்தில் சீவல் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், சுற்றிலும் கொஞ்சம் சேர்த்து அள்ளி எடுத்தால் வேலை முடிந்தது. நனைந்தால் மட்டும் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிக் கவிழ்க்கிற பாம்பாக இருந்தால் கனமான பீங்கான் கிண்ணம் வை, நனைந்த சீவலை அன்றைக்கே எடு.

ராயல் பைத்தானுக்கு ஆஸ்பென் ஒத்துவராது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாம்பு அது, காற்றில் அறுபது சதவீதம் அளவுக்கு ஈரப்பதம் கேட்கும். இல்லாவிட்டால் சட்டை துண்டு துண்டாகத்தான் உரியும். அதற்குத் தென்னை நார்க்கழிவு நல்லது. கட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார், பெரும்பாலும் இந்தியா அல்லது இலங்கை என்று போட்டிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் இதை அழுத்திக் கட்டியாக்கி உலகம் பூராவும் அனுப்புகிறார்கள். ஊரில் தென்னந்தோப்பு ஓரமாக மலையாகக் கொட்டிக் கிடந்ததை இங்கே பவுண்டு கொடுத்து வாங்குகிறோம், என்ன செய்ய! வெந்நீரில் ஊறவைத்து உதிர்த்து, நன்றாகப் பிழிந்து போடு. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் மேலே சொன்ன செதில் அழுகல் வந்து சேரும். முழுக்கக் காய்ந்தால் தூசி பறக்கும், அதுவும் ஆகாது. மேலே தெளிப்பதைவிட மூலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அடிப்பக்கம் ஈரமாகவும் மேற்பக்கம் உலர்ந்தும் இருக்கும்.

வாங்கவே கூடாதவையும் உண்டு. தேவதாரு, பைன் சீவலின் வாசனை நமக்குப் பிடிக்கும்; அந்த வாசனை எண்ணெய்தான் பாம்பின் நுரையீரலுக்குக் கேடு. மக்காச்சோளத் தக்கைத் துண்டு வயிற்றுக்குள் போனால் அடைக்கும், நனைந்தால் பூஞ்சை பூக்கும். வால்நட் ஓட்டுத் தூளின் முனைகள் கூர்மை. கட்டியாகிற பூனை மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணலில் வாழ்கிற இனம் தவிர மற்றவற்றுக்கு மணலும் வேண்டாம். எந்தச் சீவலாக இருந்தாலும் எலியை இடுக்கியில் பிடித்துக் கொடு, அல்லது தட்டையான தட்டில் வை. அப்போது துணுக்கு ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது. சாப்பாட்டுக்காகப் பாம்பை வேறு பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவது தேவையில்லை, சாப்பிட்ட கையோடு தூக்கினால் கக்கிவிடும்.

சுத்தம் செய்கிற இடத்தில்தான் நம் வீடுகளில் ஒரு பழக்கம் குறுக்கே வரும். எந்த அழுக்குக்கும் டெட்டால். தயவுசெய்து பாம்புப் பெட்டியில் டெட்டாலைத் தொடாதே. அதில் இருப்பது ஃபீனால் வகை ரசாயனம், பாம்புக்கு அது ஆகாது. பினாயிலும் அப்படித்தான். முதலில் கழிவை எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, அலசிவிடு. அதற்குப் பிறகு எஃப்10 மாதிரி கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகிற கிருமிநாசினியை, பாட்டிலில் எழுதிய அளவில் கலந்து தெளித்து, சொன்ன நேரம் வரை ஊறவிட்டுத் துடை. அழுக்கின் மேலேயே கிருமிநாசினியை ஊற்றினால் அது அழுக்கோடு போராடியே தீர்ந்துபோகும். பெட்டி உலர்ந்து, வாடை போன பிறகு புதுத் தரை.

தரையை மாற்றினால் சூட்டையும் திரும்ப அளந்து பார். ஹீட் மேட் மேல் காகிதம் இருந்தபோது இருந்த சூடு, ஐந்து சென்டிமீட்டர் சீவல் போட்ட பிறகு இருக்காது. மேலே குளிர்ந்து, அடியில் கண்ணாடி கொதிக்கும். பாம்பு சீவலைத் தோண்டிக்கொண்டு நேராக அந்தக் கண்ணாடியில் போய்ப் படுக்கும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைச் சொருகவே சொருகாதே. சென்சார் கம்பி மேட்டுக்கு நேர் மேலே, தரைப்பொருளுக்கு அடியில் இருக்கட்டும்.

இன்னொன்று, இது அம்மாமாருக்கும் சேர்த்து. ஊர்வன எல்லாம் பார்க்க நலமாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். தீனி எலியிலும் இருக்கும், ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகாது. உறைந்த எலிகளோடு தொடர்புடைய சால்மோனெல்லா பரவலைப் பிரிட்டன் 2015 முதல் பார்த்திருக்கிறது. கிண்ணத்தையும் வினைல் ஷீட்டையும் சமையலறை சிங்க்கில் கழுவாதே, தனி வாளி வை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவரோ வீட்டில் இருந்தால் பெட்டி வேலையை அவர்கள் பக்கமே விடாதே.

இதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கிற தம்பிகள் சாரையைப் பிடித்துப் பெட்டியில் போட வேண்டாம். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எதை வீட்டில் வைத்திருந்தாலும் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ராயல் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனத்துக்கும் அங்கே அரசிடம் பதிவு தேவை.

எதை வாங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், புதுப் பாம்புக்குக் கிச்சன் ரோல், பழகிய கார்ன் ஸ்நேக்குக்கு ஆஸ்பென், ராயல் பைத்தானுக்குத் தென்னை நார்க்கழிவு. பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் டெட்டால் பாட்டில் இருந்தால், இன்றைக்கே அதை பாத்ரூமுக்கு மாற்றிவிடு.