செய்திக்கு வவுச்சர் உண்டா?

அறிவியல் செய்திகளை நான் கீழிருந்து மேலாகப் படிக்கிறவன். தலைப்பைப் பார்த்ததும் கண் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடும். ‘இந்தச் சோதனை எலிகளிடம் நடத்தப்பட்டது’, ‘மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்’, ‘ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இன்ன நிறுவனம்’ போன்ற வாக்கியங்களெல்லாம் அங்கேதான் குடியிருக்கும். பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பரபரப்பானதை மேலே எழுது, மற்றதைக் கீழே தள்ளு என்பது அவர்கள் தொழில். பக்கத்தில் இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் கத்தரி வைப்பதும் கீழேயிருந்துதான். அதனால் ஆங்கிலப் பேப்பரில் எலியோடு வந்த செய்தி, தமிழுக்கு வரும்போது எலி இல்லாமல் வரும். வாட்ஸப்புக்கு வருவதற்குள் புற்றுநோய்க்கு மருந்தே கடைக்கு வந்திருக்கும்.

நான் விஞ்ஞானம் படித்தவனில்லை. பி.காம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யார் எந்தத் தொகையைச் சொன்னாலும், ‘சரி, இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே அறிவியல் செய்திகளில் பாதியை நிறுத்துப் பார்த்துவிடலாம்.

மூலிகை பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன ராமர் பிள்ளை எங்கள் பக்கத்துக்காரர். 1996இல் ஊரெல்லாம் அதே பேச்சு. தண்ணீரில் இலையைப் போட்டுக் கொதிக்கவைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கலக்கி ஆறவிட்டால் மேலே எரிபொருள் மிதக்கும் என்றார்கள். தீக்குச்சியைக் காட்டினால் எரியவும் செய்தது. டீக்கடையில் யாராவது சந்தேகப்பட்டால், ‘கிராமத்தான் கண்டுபிடிச்சா உங்களுக்குப் பொறுக்காதே, வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிக்காரன் விடுவானா?’ என்று அடித்துப் பேசினார்கள். கேள்வி கேட்பவன் துரோகியாகிவிடும் இடத்தில் கேள்வி கேட்பது லேசான காரியமில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. அதில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் கார்பன். அதாவது 600 கிராமுக்குக் குறையாது. தண்ணீரில் கார்பன் துளிகூடக் கிடையாது; உப்பிலும் இல்லை. இலையில் உண்டு. ஆனால் பச்சை இலையில் முக்கால்வாசி தண்ணீர்தான். போட்ட இலை 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதைக் காயவைத்து மிஞ்சும் சருகில் பத்துப் பன்னிரண்டு கிராம் கார்பன் தேறினால் அதிகம். வரவில் 12 கிராம், செலவில் 600 கிராம். மீதி எங்கிருந்து வந்தது? கலக்கும் கோலுக்குள் எரிபொருளை ஒளித்து, சூட்டில் உருகும் மெழுகால் அடைத்து வைத்திருந்தார் என்பது பிறகு சொல்லப்பட்ட விளக்கம். சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்து, 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. இந்தக் கணக்கைப் போட ஐ.ஐ.டி. வேண்டாம், பள்ளிக்கூட வேதியியல் போதும். அதைப் போடவிடாமல் தடுத்தது ஊர்ப் பெருமை. அன்றிலிருந்து, எந்தச் செய்தி என்னைப் பெருமைப்படுத்துகிறதோ அதை இரண்டு முறை படிப்பது என்று வைத்துக்கொண்டேன். நாசாவே நம் கோயிலைப் பார்த்து வியந்தது என்கிற ரகமெல்லாம் இதில் அடக்கம்.

கிராமத்து விஷயத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் அணுக்கரு இணைவில் ‘போட்டதைவிட அதிக ஆற்றல் வந்தது’ என்று உலகமே கொண்டாடியது. லேசர் கதிர்கள் குண்டுமணி அளவு எரிபொருள் மீது பாய்ச்சியது 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். பொய்யே இல்லை, பெரிய சாதனைதான். ஆனால் அந்த லேசர்களை ஓட்டுவதற்கு மின் இணைப்பிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். மில்லில் ஈ.பி. பில் கட்டிய எனக்கு அந்த மூன்றாவது எண்தான் முக்கியம். அந்த விஞ்ஞானிகள் அதை மறைக்கவில்லை. அவர்களிடம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். தலைப்பு எழுதியவருக்குத்தான் இடம் போதவில்லை.

உடம்பு சம்பந்தப்பட்ட செய்திகளில் இந்த எண் விளையாட்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. எங்கள் அத்தைக்குச் சர்க்கரை வியாதி. காப்பியில் அந்த மாத்திரையைத்தான் போட்டுக்கொள்வார். செய்தி வந்த வாரம் நான் போயிருந்தபோது டப்பா குப்பைக் கூடையில் கிடந்தது. காப்பியில் இரண்டு கரண்டி சீனி.

“ஏய்யா, அதுல கேன்சர் இருக்காம்ல. டிவில சொல்லிட்டான்.”

“அத்தை, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போட்டீக?”

“காலைல ரெண்டு, சாயந்தரம் ரெண்டு.”

டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். ஒரு மாத்திரையில் 18 மில்லிகிராம். அதே 2023 ஜூலையில், அதே சுகாதார நிறுவனத்தின் இன்னொரு குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் சேர்ந்தாலும் பாதகமில்லை என்ற பழைய அளவை மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தது. இரண்டும் ஒரே நாளில் வந்த அறிக்கைகள். டிவியில் வந்தது ஒன்று. அத்தை 60 கிலோ. 2,400 மில்லிகிராம். நூற்று முப்பது மாத்திரைக்கு மேல் போட்டால்தான் அந்தக் கோட்டைத் தொட முடியும்.

“அம்புட்டும் போட்டா காப்பி ஊத்த டம்ளர்ல எடம் இருக்காதேய்யா!”

அந்த முகமையின் பட்டியலைப் படிக்கத் தெரிந்துகொள்வது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் உபயோகம். சாட்சி எவ்வளவு பலமானது என்பதைத்தான் அது வரிசைப்படுத்துகிறது. குற்றம் எவ்வளவு பெரியது என்பதை அல்ல. முதல் பிரிவில் புகையிலையும் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. அதற்காக மூன்றும் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. செல்பேசிக் கதிர் 2011லிருந்து 2பியில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பியில் இருக்கிறது. அத்தை தினமும் வெறும் வயிற்றில் குடிப்பது எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு ஒரு படி மேலே, 2ஏ பிரிவில், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் இருக்கின்றன. காப்பி குற்றவாளி அல்ல. அதன்மீது இருந்த பழைய சந்தேகத்தை 2016இல் நீக்கிவிட்டார்கள். சூடுதான் குற்றவாளி. ‘கொதிக்கக் கொதிக்க இருந்தாத்தான் காப்பி’ என்பது அத்தையின் கொள்கை. ஆற்றிக் குடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சீனியை நிறுத்தினார், ஆற்றுவதாகத் தெரியவில்லை.

சதவீதத்திலும் இதே கோளாறு. 2015இல் அதே முகமை, தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்று ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றது. எதில் 18 சதவீதம் என்று செய்தி சொல்லவில்லை. மேலை நாடுகளில் வாழ்நாளில் நூற்றில் ஏறக்குறைய ஆறு பேருக்கு அந்த நோய் வருகிறது என்றால், அது ஏழாகும். ஆறிலிருந்து ஏழு. கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் 18 என்று கேட்டபோது அடித்த நெஞ்சு ஏழு என்று கேட்டால் அப்படி அடிக்காது. சதவீதத்தைப் பார்த்தால் அசல் தொகையைத் தேடுங்கள். அசல் செய்தியிலேயே இல்லையென்றால் அந்தச் செய்தியை அப்படியே மடித்து வைத்துவிடலாம்.

எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள் என்பதும் அப்படித்தான். ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் 2015இல் வேண்டுமென்றே ஒரு மோசமான ஆய்வை நடத்தி, சாக்லெட் தின்றால் எடை சீக்கிரம் குறையும் என்று காட்டினார். ஆள் பதினைந்து பேர். ஆனால் எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார். அத்தனை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே சாதகமாக வந்து விழும். விழுந்ததை எடுத்துத் தலைப்பாக்கினார். பல நாட்டுப் பத்திரிகைகள் வெளியிட்டன. எத்தனை பேர் என்று ஒரு வரி கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்தது பொறுமை. 2023 ஜூலை கடைசியில் எல்.கே.-99 என்று கொரியாவிலிருந்து ஒரு பொருள் வந்தது. அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்தி என்றார்கள். காந்தத்தின்மீது பாதி எழும்பி நிற்கும் கறுப்புத் துணுக்கின் வீடியோவை என் அக்கா மகன் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பினான். ‘மாமா, இனி மின்சாரமே வீணாகாது, உலகமே மாறப்போகுது!’ மாறட்டும்டா, ஒரு மாதம் கழித்துப் பேசுவோம் என்று எழுதினேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல நாட்டுக் கூடங்கள் செய்து பார்த்து, இல்லை என்றன. மின்தடை திடீரென விழுந்ததற்குக் காரணம் உள்ளே கலந்திருந்த தாமிர சல்பைடு என்று ஆகஸ்ட் நடுவிலேயே தெரிந்துவிட்டது.

இதே மீக்கடத்தி விஷயத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் 2018 சமாச்சாரம் எனக்கு மிகவும் பிடிக்கும். தங்கமும் வெள்ளியும் கலந்த நுண்துகள்களில் மைனஸ் 37 டிகிரியிலேயே அந்தக் குணம் தெரிவதாக இருவர் எழுதினார்கள். அமெரிக்காவிலிருந்த பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியலாளர் அவர்களது வரைபடத்தை உற்றுப் பார்த்து, இரண்டு தனித்தனி அளவீடுகளில் சிறு சிறு இரைச்சல் புள்ளிகள்கூட ஒரே மாதிரி ஏறி இறங்குவதைச் சுட்டிக்காட்டினார். இரைச்சல் என்பது தற்செயல். தற்செயல் இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. இரண்டு கடை பில்லில் பைசா வரை ஒரே தொகை இருந்தால் ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார் அல்லவா, அதே புத்திதான்.

சந்தேகம் என்றால் எதையும் நம்பாமல் இருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆசாமிகளோடு எனக்கு ஒட்டுவதில்லை. தடுப்பூசியை நம்ப மாட்டார்கள், தடுப்பூசியில் சிப் இருக்கிறது என்ற ஃபார்வர்டை நம்புவார்கள். 2016இல் 2,000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டரில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் என்று டிவியே சொன்னபோது நம்பியவர்களும் இவர்களில் உண்டு. லிஃப்டுக்குள் போனாலே செல்போன் சிக்னல் போகிறது. நோட்டுக்கு எப்படி வரும் என்று கேட்க ஆளில்லை.

தேனி நியூட்ரினோ ஆய்வகம் இதற்கு நல்ல பாடம். பொட்டிபுரம் மலையைக் குடைந்து அமைக்கவிருந்த அந்தத் திட்டத்தை எதிர்த்த மேடைகளில், நியூட்ரினோ பாய்ந்து மக்கள் செத்துவிடுவார்கள் என்று பேசியவர்கள் உண்டு. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் இந்த நொடியிலும் நம் ஒவ்வொருவர் உடம்பையும் கோடிகோடியாகத் துளைத்துக்கொண்டு போகின்றன, ஒன்றும் செய்யாமல். அதே மேடையில் இன்னொருவர், பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் நிலத்தடி நீர் என்னாகும், புலிகள் நடமாடும் வழி என்னாகும் என்று கேட்டார். அது கேட்க வேண்டிய கேள்வி. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாம் என்று சொன்னபோது எடுத்து வைத்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலி வழித்தடத்தையும்தான். செய்தி படிக்கும்போது இந்த இரண்டு ஆட்களையும் நான் பிரித்து உட்காரவைத்துவிடுவேன். ஒருவர் உளறினால் மற்றவர் சொன்னதும் உளறல் ஆகிவிடாது.

கடைசியாக ஒரு வேலை. கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ‘இன்னும் இத்தனை ஆண்டில்’ என்று தேதி கொடுக்கும் செய்தியைக் கத்தரித்து, ஓரத்தில் கெடு ஆண்டை எழுதி ஒரு ஃபைலில் போட்டு வைக்கிறேன். மில்லில் வராத பாக்கிகளுக்கு வைத்திருந்த ஃபைல் மாதிரியேதான். ‘ஐந்தாண்டில் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் டாக்டர்களைவிட இயந்திரம் நன்றாகச் செய்யும், அவர்களுக்குப் பயிற்சி தருவதை நிறுத்துங்கள்’ என்று ஜெஃப்ரி ஹின்டன் 2016இல் சொன்னது அதில் இருக்கிறது, கெடு 2021. செயற்கை நுண்ணறிவில் அவருக்கு மேல் ஆளில்லை, 2024இல் நோபல் பரிசே வாங்கினார். ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது இன்னமும் டாக்டர்தான். ஓராண்டில் புற்றுநோய்க்கு முழுத் தீர்வு என்று 2019 ஜனவரியில் ஓர் இஸ்ரேல் கம்பெனி சொன்னதும் இருக்கிறது. அது 2020லேயே தள்ளுபடி. மேலே கிடக்கும் தாள், ஹீலியன் என்ற அமெரிக்கக் கம்பெனி அணுக்கரு இணைவில் மின்சாரம் எடுத்து மைக்ரோசாஃப்டுக்குக் கொடுப்பதாக 2023 மே மாதம் போட்ட ஒப்பந்தம். ஓரத்தில் 2028 என்று எழுதியிருக்கிறேன். அதை இன்னும் தள்ளுபடி செய்யவில்லை, கெடு வரட்டும்.