புதுக் காயில் போட்ட பிறகும்

அன்புள்ள தம்பிக்கு,

மூலனூர்க்காரர் காரில் மூன்று பிளக்கும் ஒரு காயிலும் புதிதாகப் போட்டாய். மறுநாளே செக் லைட் வந்துவிட்டது, மிஸ்ஸிங் முன்னைவிட அதிகம், இன்னொரு காயில் வாங்கிப் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. முன்னே ஐடிலில் லேசாக உதறிய வண்டி உன் வேலைக்குப் பிறகு மோசமாயிருக்கிறது. அப்படியானால் தேட வேண்டிய முதல் இடம் உன் கை கடைசியாகப் பட்ட இடம். பழைய கோளாறு அப்படியே இருக்கலாம், அதன்மேல் நீ புதிதாக ஒன்றைச் சேர்த்தும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பார்ட்ஸ் கடைக்காரர்தான் பிழைப்பார்.

ஸ்கேனரில் பி0302 வந்தது என்கிறாய். அதைப் பார்த்ததும் ‘இரண்டாவது காயில் போச்சு’ என்று முடிவுகட்டிவிட்டாய். அந்தக் கோடு காயிலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மூன்று சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் 240 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் அதைத் தள்ளிவிட வேண்டும். கிராங்க் சென்சார் அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவதன் முறை வரும்போது வேகம் குறைந்தால் ‘இரண்டு தள்ளவில்லை’ என்று இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ எழுதி வைக்கிறது. ஏன் தள்ளவில்லை என்பது அதற்குத் தெரியாது. பொறி இல்லையா, பெட்ரோல் வரவில்லையா, வால்வு உட்காராமல் கம்ப்ரஷன் ஒழுகுகிறதா, எல்லாவற்றுக்கும் அதே 0302தான். காயிலின் சர்க்யூட்டிலேயே கோளாறு என்றால் பெரும்பாலும் பி0352 தனியாக வரும். அது வந்ததா என்று நீ எழுதவில்லை.

கோடை அழிப்பதற்கு முன்னால் ஃப்ரீஸ் ஃபிரேமைப் பார்த்தாயா? எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு சூட்டில், எவ்வளவு லோடில் கோளாறு பதிவானது என்பது அதில்தான் இருக்கும். நம் நாட்டில் பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 கட்டாயம், அதற்குப் பிறகு வந்த வண்டி என்றால் இதுவும் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பையன்கள் ஸ்கேனர் மாட்டியதும் முதலில் அமுக்குவது அழிக்கும் பட்டனைத்தான். எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான்.

சரி, கை பட்ட இடத்துக்கு வா. காயில் கனெக்டரின் லாக் ‘டிக்’ என்று விழுந்ததா? பழைய வண்டியில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் லாக் கழற்றும்போதே உடைந்துவிடும். மாட்டியது போலத்தான் தெரியும், குலுங்கும்போது விடும். அடுத்து இரண்டாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார். பிளக் சாக்கெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். பொறி நுனிக்குப் போகாமல் அந்த வழியாக பாடிக்கு இறங்கிவிடும், பென்சிலால் கோடு போட்டது மாதிரி கறுப்பாக ஒரு தடம் இருக்கும். அதே தடம் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் இருக்கிறதா பார். இருந்தால் அந்த உறை புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் பேக்கிங் போயிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் என்றால் தண்ணீராகவும் இருக்கலாம்.

புதுப் பிளக் டப்பாவிலேயே சரியான கேப்புடன் வரும் என்று நம்பாதே. கீழே விழுந்த பிளக்கில் கேப் மாறிவிடும். ஃபீலர் கேஜ் விட்டு, வண்டியின் கணக்கோடு ஒத்துப் பார். இரிடியம் பிளக் என்றால் நடு நுனியில் எதையும் அழுத்தக் கூடாது. முறுக்குவதிலும் கவனம் வேண்டும். டார்க் ரென்ச் இல்லையென்றால் வாஷர் வைத்த புதுப் பிளக்கைக் கையால் உட்காரும்வரை திருகி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் நிறுத்து. அலுமினிய ஹெட்டில் பலம் காட்டினால் மரை போய்விடும்.

பிளக்குக்கு வழி செய்ய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியிருப்பாய். அதன் கீழே வேக்கம் ஹோஸ் ஏதாவது நழுவியிருக்கிறதா? காற்று ஒழுகல் ஐடிலில்தான் அதிகம் தெரியும், ரேஸ் கொடுத்தால் அடங்கும். பொறிக் கோளாறு நேர்மாறு. லோடு ஏற ஏற அதிகமாகும், அழுத்தம் கூடினால் பொறி தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டுமே. இந்த வித்தியாசம் ஒன்றே உனக்குப் பாதி வேலையைக் குறைக்கும். ஆனால் இது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று நம் பக்கம் காற்றாலைகளை மட்டுமா ஆட்டுகிறது, ஷெட்டுத் தகரத்தையும்தான். அந்த இரைச்சலில் ‘ஸ்ஸ்’ சத்தம் காதில் விழாது. ஒரு முழ ரப்பர் ஹோஸை எடு, ஒரு முனை காதில், மறு முனை ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில். பெல்ட் பக்கம் மட்டும் போகாதே.

இதெல்லாம் சரியாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார். இரண்டாவது காயிலை மூன்றுக்கும், மூன்றை இரண்டுக்கும் மாற்று. கோடு 0303 ஆனால் குற்றவாளி காயில். 0302லேயே நின்றால் அடுத்தது பிளக், அதன் பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். தோப்பில் நிறுத்தும் வண்டிகளில் அது சகஜம். கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் இன்ஜெக்டர் வயரை வெட்டி எமுலேட்டருக்கு ஒட்டிய ஜாயிண்டுகளைத்தான் நான் முதலில் பிரிப்பேன்.

கலங்கல் ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றார், 1920-ல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ் விட்டார் என்று கொங்குப் பட்டறைகளில் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் ‘பிரித்தால் தெரிந்துவிடும்’ என்பது இந்தக் காயிலுக்குப் பொருந்தாது. சுருள் முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்தது. குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் சரியாகக் காட்டும், சூடானதும் விடும். அதற்காக, அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில் ஓடும் இன்ஜினில் காயிலைத் தூக்கிப் பிடித்துப் பொறி பார்க்காதே. உனக்கு ஷாக், ஈசியூவுக்கும் ஆபத்து.

ஒன்றை இன்றைக்கே செய். லைட் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்ட வேண்டாம் என்று மூலனூர்க்காரருக்கு போன் பண்ணிச் சொல். எரியாத பெட்ரோல் சைலன்சர் கேட்டலிஸ்டுக்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். அந்தச் செலவின் முன்னே காயில் விலை ஒன்றுமே இல்லை. நீ போட்ட காயில் தேவையில்லாதது என்று தெரிந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடு, கூலியில் கழித்துக்கொள்.

சரியான பிறகு ஒட்டன்சத்திரம் ரோட்டில் நாலாவது கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பார். பிறகு கோடு மறுபடி வருகிறதா என்று ஸ்கேன் பண்ணிவிட்டு வண்டியைக் கொடு. தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் கோளாறு வரவில்லையென்றால் லைட் தானாகவே அணையும் என்று அவரிடம் சொல்லிவை, இல்லாவிட்டால் மூலனூரிலிருந்து திரும்பவும் உன் பட்டறைக்கு வந்து நிற்பார்.

அன்புடன்,
உன் அண்ணன்
தாராபுரம்