சிறுவன் கைது என்று எழுதும் முன்

பெரியவர் மீதான வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்று செய்தியும் கூடவே நடக்கும். பதினெட்டு நிரம்பாதவர் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நடக்கிறது. தொடர்பில்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அதனாலேயே, முதல் நாள் போலீஸ் சொன்னதை வைத்து எழுதிய செய்திதான் ஊருக்குக் கடைசிவரை தெரிந்த செய்தியாகிவிடுகிறது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் பார்த்தோம். ஆறு பேரில் ஒருவன் பதினெட்டுக்குச் சில மாதம் குறைந்தவன். எல்லோரிலும் கொடூரன் இவன்தான் என்ற வாசகம் திரும்பத் திரும்ப அச்சேறியது. வயது வரம்பைப் பதினாறாகக் குறைக்க வேண்டாம் என்றது 2013 ஜனவரியில் வந்த நீதிபதி வர்மா குழு அறிக்கை. அவன் 2015 டிசம்பர் 20 அன்று விடுதலையானபோது டெலிவிஷன் முழுக்க அதே பேச்சு. 22ஆம் தேதி மாநிலங்களவை புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. பதினாறு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களைக் கொடுங்குற்றங்களில் பெரியவர்களாக விசாரிக்க வழி பிறந்தது அப்படித்தான்.

நிருபருக்கும் டெஸ்க்கில் இருப்பவருக்குமாகச் சில.

செய்யக்கூடாதவை

அடையாளத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். பெயர் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 2015 சட்டத்தின் 74ஆம் பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, பள்ளி, படம், ஆளைக் காட்டிக்கொடுக்கும் வேறெந்த விவரமும் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடப்பது என்ன? ஒரு பத்திரிகை பள்ளியைச் சொல்லும், இன்னொன்று அப்பாவின் தொழிலைச் சொல்லும், மூன்றாவது தெருப் பெயரைச் சொல்லிவிட்டுப் பெயரை மட்டும் நட்சத்திரக் குறி போட்டு மாற்றும். சின்ன ஊரில் இவ்வளவு போதும், மாலைக்குள் அந்த வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். தாக்கப்பட்ட சிறுவருக்கும், சாட்சியான சிறுவருக்கும் இதே மறைப்பு உண்டு என்பதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். பரிதாபத்தில் எழுதினாலும் மீறல் மீறல்தான்.

‘பரபரப்பு வாக்குமூலம்’ போடாதீர்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமே ஆகாது. அங்கே செல்லாதது முதல் பக்கத்தில் மட்டும் எப்படிச் செல்லுபடியாகிறது? 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில் பதினான்கு முதல் பதினாறு வயதுள்ள ஐந்து சிறுவர்கள் மாட்டினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்றது போலீஸ். ஓநாய்க் கூட்டம் என்றன பத்திரிகைகள். மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி டொனால்ட் டிரம்ப் நான்கு பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். 2002இல் வேறொருவன் தான்தான் செய்தேன் என்றான். மரபணுச் சோதனையும் அவனையே காட்டியது. ஐவர் மீதான தண்டனை ரத்தானது. அதற்குள் அவர்கள் இளமையைச் சிறையில் கழித்துவிட்டிருந்தார்கள்.

இரண்டு சம்பவத்தை வைத்து ‘பெருகும் சிறார் குற்றம்’ என்று தலைப்பு வைக்காதீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. முந்தைய ஆண்டில் 31,170. நாட்டில் அந்த ஆண்டு பதிவான மொத்தக் குற்ற வழக்குகளோ 58 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. டீக்கடை வால்போஸ்டரை மட்டும் படிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிக்குப் பாதி என்பார்.

வாட்ஸப்பில் வந்ததை ஓட்டாதீர்கள். 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். ஜாமீனில் வந்தவன் திமிராக ராப் பாடுகிறான் என்று ஒரு வீடியோ நாடெங்கும் சுற்றியது. அதில் இருந்தது வேறு ஆள்.

‘குட்டி ரவுடி’, ‘புள்ளிங்கோ’ வேண்டாம். சினிமா பார்த்துக் கெட்டான் என்ற முடிவை இன்ஸ்பெக்டர் சொன்னாலும் எழுத வேண்டாம். அது அவர் துறை இல்லை.

செய்ய வேண்டியவை

பின்னால் இருக்கும் பெரியவரைத் தேடுங்கள். சிறுவரைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. போதைப்பொருளோ மதுவோ கொடுத்தவருக்கும் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. கஞ்சா போதையில் வெட்டினான் என்று எழுதுகிறோம். விற்றவன் யார் என்று அடுத்த வாக்கியத்தில் கேட்டிருக்கிறோமா? புனே விஷயத்தில் ஊடகத்தைப் பாராட்டவும் இடமிருக்கிறது. முந்நூறு சொல்லில் கட்டுரை எழுது என்று சொல்லி ஜாமீன் தந்ததைக் கேட்டுக் கொதித்த அதே ஊடகங்கள் விடாமல் துரத்தின. ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்கள் கைதானார்கள். குடும்பத்துப் பெரியவர்கள் மீதும் வழக்கு பாய்ந்தது. அந்தக் கோபம் பெரியவர்கள் பக்கம் திரும்பியபோதுதான் பயன்பட்டது.

சட்டத்தை முழுசாகச் சொல்லுங்கள். ‘மூணு வருஷத்துல வெளிய வந்துடுவான்’ என்பது பாதி உண்மை. பதினாறு தாண்டியவர் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அதைச் செய்வதற்கான அவருடைய மன, உடல் திறன், விளைவை அறியும் திறன், சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். அதன்பிறகே பெரியவரைப் போல விசாரிப்பதா என்ற முடிவு. புனே சிறுவனை அப்படி விசாரிக்கக் கேட்ட போலீஸின் மனுவை 2025 ஜூலையில் குழுமம் நிராகரித்தது. மூன்று வரி பாக்ஸ் நியூஸில் இந்த நடைமுறையைச் சொல்லிவிடலாம்.

காரணத்தை மழுப்பாமல் எழுதுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதை ‘மாணவர்கள் மோதல்’, ‘முன்விரோதம்’ என்று எழுதினால் வாசகர் அதைப் பையன்களின் முரட்டுத்தனம் என்று நினைத்துக்கொள்வார். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, மாணவர் கையில் வண்ணக் கயிறு கூடாது என்பதிலிருந்து பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பதுவரை பேசுகிறது. ஒரு சிறுவரின் பெயரையும் சொல்லாமல் இதை எழுத முடியும்.

கூர்நோக்கு இல்லத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ‘சுவர் ஏறிக் குதித்து சிறுவர்கள் ஓட்டம்’ என்றால் உடனே செய்தி. ஏன் ஓடினார்கள் என்பது செய்தியாவதில்லை. திருட்டுப் புகாரில் செங்கல்பட்டு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட பதினேழு வயதுச் சிறுவன் 2022 டிசம்பர் கடைசியில் அங்கே இறந்தான். இல்லத்து ஊழியர்கள் கைதானார்கள். செத்த பிறகு கிடைத்த இடம், அதற்கு முன்பே சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

முடிவையும் எழுதுங்கள், பழையதைத் திருத்துங்கள். குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் அதே அளவு எழுத்தில் சொல்லுங்கள். பெரும்பாலான வழக்குகளில் காலம் கடந்ததும் பதிவுகளை அழிக்கச் சட்டமே சொல்கிறது. உங்கள் இணையதளத்தில் மட்டும் அந்தச் செய்தி பள்ளிப் பெயரோடு அப்படியே கிடக்கும். யூடியூப் சானல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: வீடியோ முழுக்க முகத்தை மங்கலாக்கிவிட்டு, தம்ப்நெயிலில் பளிச்சென்று விட்டுவிடுகிறார்கள்.