ஆறாம் நம்பர் ஸ்லாட் யாருக்கு?

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி விளையாட்டை ஆடுகிறவர்கள் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் கப்பலை வாங்கிவிடுவார்கள். விலை 66 லட்சத்து 61 ஆயிரம் கிரெடிட், சில்லறை தனி. அகலமான முன்கண்ணாடி, நல்ல ஜம்ப் தூரம், போதாததற்குச் சரக்கும் ஏற்றலாம். சரக்கு ஓட்டிக் காசு சேர்த்த கையோடு, பால்வீதியின் நடுவிலுள்ள சஜிட்டேரியஸ் ஏ கருந்துளைக்குப் போய்வரலாம் என்று ஆசை வரும். சூரியனிலிருந்து சுமார் 25,900 ஒளியாண்டு. மாட்யூல் எனும் கருவிகளைப் பொருத்தும் ஸ்லாட்டுகளை வியாபாரத்துக்காக அடுக்கிய விதம் அந்தப் பயணத்துக்கு உதவாது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் பங்கிட வேண்டும்.

பல கப்பல்களில் இதைச் செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றுதான். எந்த மாட்யூல் அளவு கூடக் கூட அதிகப் பலன் தருகிறது, எது எங்கே போட்டாலும் ஒரே வேலையைச் செய்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரிய ஸ்லாட் முதல் வகைக்கு. இரண்டாம் வகையை அது நுழைகிற மிகச் சின்ன இடத்தில் தள்ளிவிடலாம்.

சரக்கு ரேக் முதல் வகை. ஒரு அளவு கூடினால் கொள்ளளவு அப்படியே இரட்டிப்பாகும்: 3ஆம் அளவில் 8 டன், 5இல் 32, 6இல் 64. அதனால் வியாபாரக் கப்பலில் 6ஆம் ஸ்லாட்டைச் சரக்குக்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஷீல்டை 6இல் போட்டுவிட்டுச் சரக்கை மூன்று சின்ன ரேக்குகளில் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றும் சேர்ந்து 24 டன்தான். ஆஸ்பின் வெற்றுடல் எடை 280 டன். 3ஆம் அளவு ஷீல்டே அதற்குப் பொருந்தும். ஷீல்டின் வலு வெற்றுடல் எடையை மட்டுமே பார்க்கிறது, எவ்வளவு சரக்கு ஏற்றினாலும் அது குறையாது.

தொலைதூரப் பயணம் என்றால் 6ஆம் ஸ்லாட், நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் உறிஞ்சும் ஃப்யூல் ஸ்கூப்புக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்பின் வழக்கமான 5ஏ ஜம்ப் டிரைவ் (எண் அளவு, எழுத்து தரம்) ஒரு முழுத் தாவலுக்கு 5 டன் எரிபொருள் குடிக்கும். 3ஏ ஸ்கூப் நொடிக்கு 176 கிலோ உறிஞ்சும். 6ஏ 878 கிலோ. அதாவது நட்சத்திரத்தின் ஓரத்தில் 28 நொடி வேகவேண்டிய இடத்தில் 6 நொடிகூட ஆகாது. தாவலுக்கு 50 ஒளியாண்டு என்று வைத்தால் பால்வீதியின் மையத்துக்கு 500க்கு மேற்பட்ட தாவல்கள். ஒவ்வொன்றிலும் 22 நொடி மிச்சம் என்றால் போகும் வழியிலேயே மூன்று மணி நேரம் கைக்கு வருகிறது. இத்தனைக்கும் ஸ்கூப்புக்கு எடையே கிடையாது. பெரிதாகப் போட்டாலும் ஜம்ப் தூரத்தில் ஒரு புள்ளி குறையாது.

விலைதான் தலைசுற்றும். 6ஏ ஸ்கூப் 2 கோடியே 87 லட்சம் கிரெடிட். கப்பலைப் போல நான்கு மடங்குக்கு மேல். 6பி நொடிக்கு 752 கிலோ உறிஞ்சும், விலை 72 லட்சத்துக்குள். ஒரு தாவலுக்கு ஒரு நொடி வித்தியாசம்கூட வராததற்காக 2 கோடிக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் 6பியோடுதான் சுற்றுகிறேன்.

அடுத்தது 5ஆம் ஸ்லாட். கார்டியன் என்ற பழங்கால வேற்றினத்தின் இடிபாடுகளுக்குப் போய் மெனக்கெட்டுத் திறந்த ஜம்ப் பூஸ்டர் இருந்தால் அது இங்கேதான் உட்கார வேண்டும். 1ஆம் அளவு பூஸ்டர் 4 ஒளியாண்டு கூட்டும், 3ஆம் அளவு 7.75, 5ஆம் அளவு 10.5. எடை எந்த அளவிலும் 1.3 டன்தான்.

மீதி 3ஆம் அளவு ஸ்லாட்டுகளில் ஒன்றில் 2 டன் எடையுள்ள 3டி ஷீல்டு, மற்றவற்றில் பழுதுபார்க்கும் மாட்யூல். முடிந்தால் இரண்டு போடுங்கள். அந்த மாட்யூலால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முடியாது, ஒன்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நியூட்ரான் நட்சத்திரங்களின் வாலில் நுழைந்து நான்கு மடங்கு தூரம் தாவுகிறவர்களுக்கு டிரைவ் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அவர்களுக்கு இது கட்டாயம். தரையில் ஓட்டும் வண்டிக்கான கொட்டகை 2ஆம் ஸ்லாட்டில் போதும். அதில் மட்டும் எழுத்தைக் கவனியுங்கள்: 2எச் 12 டன், 2ஜி 6 டன். விலைப்பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் மலிவானது கையில் வந்து, வழியெல்லாம் 6 டன் கூடுதல் சுமையாகிவிடும். தரை ஸ்கேனருக்கு 1ஆம் ஸ்லாட்.

டாக்கிங் கம்ப்யூட்டரும் அந்தச் சின்ன இடத்துக்குத்தான் போட்டி போடும். ஸ்ட்ராஸின் ப்ளூ டான்யூப் ஒலிக்கக் கப்பல் தானாக நிலையத்துக்குள் நுழைவதைப் பார்ப்பது சுகம், கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் நிலையங்களே இல்லாத வெட்டவெளியில் அதற்கு என்ன வேலை?

ஒரு காலத்தில் இந்தப் பங்கீடு இன்னும் நெருக்கடியானது. நட்சத்திர மண்டலத்திலுள்ள கோள்களைக் கண்டறியும் டிஸ்கவரி ஸ்கேனரே ஒரு ஸ்லாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2018 டிசம்பரில் வந்த 3.3 அப்டேட்டில் விளையாட்டை உருவாக்கிய ஃப்ரன்டியர் நிறுவனம் அதை எல்லாக் கப்பல்களிலும் உள்ளமைந்த கருவியாக்கி, ஸ்லாட்டை விடுவித்தது. சரியான முடிவு. எல்லாரும் போட்டே ஆக வேண்டிய ஒன்றைத் தேர்வு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கப்பலின் அடிப்படைக் கருவிகளுக்கான கோர் ஸ்லாட்டுகளில் கணக்கு தலைகீழ். அங்கே பெரியது போடலாம் என்பதற்காகப் போடக் கூடாது. பயணக் கப்பலில் ஜம்ப் டிரைவ் மட்டும் ஏ. சென்சார், லைஃப் சப்போர்ட் எல்லாம் டி. 5ஏ சென்சார் 20 டன், 5டி 8 டன். லைஃப் சப்போர்ட் டி என்றால் கண்ணாடி உடைந்தால் ஏழரை நிமிடக் காற்று, ஏ என்றால் 25 நிமிடம். ஆளற்ற வெளியில் கண்ணாடி உடைந்தவனுக்கு இந்த இரண்டில் எது இருந்தும் கரைசேர வழியில்லை, ஆகவே டி.

பவர் பிளான்ட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 5டி 15.3 மெகாவாட் தரும், எடை 8 டன். ஒரு அளவு சின்னதான 4ஏ 15.6 மெகாவாட், எடை 5 டன். மின்சாரமும் கூட, எடையும் குறைவு, சூடும் கிட்டத்தட்டப் பாதி. ஸ்கூப் செய்யும்போது வெப்பமானி ஏறுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் முதலில் மாற்றவேண்டியது இதைத்தான். விலை அதிகம் என்பது ஒன்றே குறை. தேவை இன்னும் குறைவென்றால் 3ஏ, 2ஏ வரைகூட இறங்கலாம்.

சண்டைக் கப்பல் வேறு கதை. வல்ச்சரில் ஸ்லாட் பஞ்சம் கிடையாது, மின்சாரப் பஞ்சம்தான். இரண்டு பெரிய ஆயுதங்களைத் தாங்குகிற கப்பலுக்கு 4ஆம் அளவு பவர் பிளான்ட். ஏ போட்டாலும் அதே 15.6 மெகாவாட். பந்திக்குச் சாப்பாடு போதாதபோது யாரை அடுத்த பந்திக்கு உட்காரச் சொல்வது என்று முடிவெடுப்பதுதான் இங்கே வேலை. மாட்யூல் பட்டியலில் 1 முதல் 5 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம். மின்சாரம் போதாவிட்டால் 5 முதலில் அணையும். சரக்குக் கதவுக்கு 5 கொடுங்கள், சும்மா இருந்தே 0.6 மெகாவாட் தின்கிறது. ஜம்ப் டிரைவுக்கும் பெரிய எண் கொடுக்கலாம். ஆயுதங்கள் வெளியே இருக்கும்போது எப்படியும் தாவ முடியாது. ஆயுதங்களை மடக்கியபின் டிரைவ் மறுபடி உயிர்பெறச் சில நொடிகள் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, ஷீல்டு முழுதும் போகுமுன்பே ஓடத் தொடங்க வேண்டும். ராணுவ ஸ்லாட்டில் ஷீல்டு ஜெனரேட்டர் ஏறாது. உடல் கவசம், மாட்யூல் கவசம், ஷீல்டு செல் போன்றவைதான். ஒரே சண்டையில் தீர்ந்துபோகும் செல்லைவிட நான் கவசத்தையே விரும்புவேன், வல்ச்சரின் மின்சாரமும் அதையே விரும்பும்.

இதையெல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்க்கக் கோரியோலிஸ், எட்ஸி என்று இரண்டு கணிப்பான்கள் இருக்கின்றன. ஆனாலும் பயப்படாமல் நிலையத்திலேயே மாற்றிப் பாருங்கள். கப்பலை விற்றால் 10 சதவீதம் நஷ்டம், மாட்யூலை விற்றால் வாங்கிய விலை முழுதாகத் திரும்பும். புறப்படுமுன் ஆயுதங்களை ஒருமுறை வெளியே எடுத்து எது அணைகிறது என்று பாருங்கள், பூஸ்ட் அழுத்திப் பாருங்கள், மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரை ரொம்பச் சின்னதாக்கியிருந்தால் அது வேலை செய்யாது. ஜம்ப் தூரத்தை டேங்க் நிரம்பிய நிலையில் பாருங்கள்.